பொந்தை விட்டு வராத கிளாத்திக் குஞ்சு: பழக்கி எடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

தொட்டியில் விட்ட கிளாத்திக் குஞ்சு கல்லிடுக்கில் புகுந்து நாட்கணக்கில் தலைகாட்டாமல் இருந்தால் யாருக்கும் பயம் வரும். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் வீட்டில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி இதைப் பற்றித்தான். "மீன் வெளியில வருதும் இல்லை, சாப்பிடுதும் இல்லை, என்ன செய்யிறது?" என்பார்கள். பதில் சொல்வதற்குள், கல்லைத் தூக்கிப் பார்த்ததாகவும் சொல்வார்கள். அந்தக் கல்லைத் தூக்கியதுதான் பிழை.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை ஒன்றுதான். ஒளிவதற்கு நல்ல பொந்து இருக்கும் குஞ்சுதான் துணிந்து வெளியே வரும். பொந்தைக் குறைத்தால் மீன் கண்ணில் படும் என்று நினைத்துக் கல்லை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அது மூலையில் ஒட்டிக்கொண்டு, நிறம் மங்கி, சாப்பாட்டையும் விட்டுவிடும். ஒளிய இடம் கூடக்கூட அது வெளியே நிற்கும் நேரமும் கூடும்.

குஞ்சு ஏன் ஒளிகிறது

ட்ரிகர் மீன் என்று கடைகளில் விற்கப்படுவது நம் மீனவர்கள் கிளாத்தி என்று சொல்லும் மீன்தான். உலகக் கடல்களில் ஏறத்தாழ 40 இனங்கள் உண்டு. வளர்ந்த கிளாத்தி முரட்டு மீன். நண்டை உடைக்கும், முள் நிறைந்த கடல்முள்ளியை வாயால் தண்ணீர் பீச்சிக் கவிழ்த்துத் தின்னும். பெரிய இனமான டைட்டான் ட்ரிகர் கூடு காக்கும் காலத்தில் சுழியோடிகளையே கடிக்கத் துரத்தும்.

ஆனால் 4 சென்ரிமீற்றர்க் குஞ்சின் நிலைமை வேறு. அந்த அளவில் அது களவாய்க்கும் பாரைக்கும் ஒரு வாய்க்கு இரை. நீந்துவதிலும் வேகம் போதாது. கிளாத்தி சாதாரணமாக வாலை அடித்து நீந்துவதில்லை. முதுகிலும் அடியிலும் உள்ள பின் துடுப்புகளை அலைபோல அசைத்து நகரும். திரும்பவும் பின்னோக்கிப் போகவும் அது வசதி, தப்பியோட வசதியில்லை. ஆகவே தப்புவதற்குப் பொந்துதான் அதன் வழி. உள்ளே புகுந்ததும் முதுகின் முதல் முள்ளை நிமிர்த்தும். இரண்டாவது சிறு முள் அதற்குப் பின்னால் வந்து பூட்டிக்கொள்ளும். முதல் முள்ளை எவ்வளவு அமுக்கினாலும் மடங்காது. இரண்டாவதை அமுக்கினால்தான் பூட்டுத் திறக்கும். ட்ரிகர் என்ற பெயரே துப்பாக்கி விசை போன்ற இந்த அமைப்பால் வந்தது. இரவில் தூங்குவதும் இப்படியே பொந்துக்குள் பூட்டிக்கொண்டுதான்.

முருகைக்கல் திட்டுகளின் ஆழமில்லாத பகுதியில் முகக்கண்ணாடி போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பிக்காசோ என்ற கிளாத்தி இனத்தின் குஞ்சு ஒன்று உடைந்த முருகைக்கல் குவியலுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிற்கும். உங்கள் நிழல் மேலே விழுந்ததும் காணாமல் போய்விடும். அசையாமல் மிதந்தபடி காத்திருந்தால் முதலில் ஒரு கண் தெரியும். கிளாத்திக்கு இரண்டு கண்ணும் தனித்தனியே சுழலும், அதனால் உடம்பை அசைக்காமலே உங்களை மேலும் கீழும் அளக்கும். பிறகு வாய், அப்புறம் பாதி உடம்பு. கடைசியில் அதே இடத்துக்குத் திரும்பி வந்து நிற்கும். உங்கள் தொட்டியில் நடப்பதும் இதுதான். கடலில் சில நிமிடத்தில் முடிவது, புது இடத்தில் சில நாட்களோ சில வாரங்களோ எடுக்கிறது.

முதலாவது: எந்த இனம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாக் கிளாத்தியும் ஒரே சுபாவம் இல்லை. பிக்காசோவும் அதன் நெருங்கிய உறவான ரெக்டாங்குலர் ட்ரிகரும் சீக்கிரம் பழகுபவை. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் ஆளைக் கண்டதும் கண்ணாடிக்கு வரும். ஆரஞ்சுக் கோடுகள் கொண்ட அண்டுலேட்டட் ட்ரிகர் குஞ்சிலேயே துணிவானது, வளர்ந்ததும் தொட்டியில் வேறு எதையும் வாழவிடாது. புள்ளிகள் நிறைந்த கிளவுன் ட்ரிகரின் குஞ்சுகள் கடலில் ஆழமான பாறைக் குகைகளை ஒட்டி வாழ்பவை. வெளிச்சமும் நடமாட்டமும் உள்ள தொட்டி அவற்றுக்கு மிகவும் அந்நியம். சிவந்த பல் கொண்ட நைஜர் ட்ரிகர் எப்போதும் கொஞ்சம் மிரட்சியுள்ளது. பெரிதான பிறகும் சத்தம் கேட்டால் இடுக்கில் பாய்ந்து, வால் நுனி மட்டும் வெளியே தெரியக் கிடக்கும். நீலக் கழுத்து ட்ரிகரும் அமைதியான இனம்.

வளர்ந்தால் என்ன அளவு வரும் என்பதையும் இப்போதே யோசியுங்கள். பிக்காசோ 30 சென்ரிமீற்றர் வரை, கிளவுன் 50 வரை, டைட்டான் 75 வரை வளரக்கூடியவை. டைட்டான் குஞ்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுத் தொட்டிக்கு வேண்டாம். முதல் முறை வளர்ப்பவருக்கு நான் சொல்வது பிக்காசோதான்.

இன்னொன்று. நம் கடலில் இருக்கிறதே, நாமே போய்ப் பிடிப்போம் என்று கிளம்ப வேண்டாம். வாகரைக்குப் பக்கத்துக் காயங்கேணி 2019 இல் கடல்சார் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மற்ற இடங்களிலும் அனுமதி பெற்றுத் தொழில் செய்பவர்களிடம், எப்படிப் பிடித்தது என்று கேட்டு வாங்குவதே சரி. தொட்டிக்கு அழகு என்று முருகைக்கல்லை உடைத்து எடுப்பதும் சட்டப்படி குற்றம். அந்தத் திட்டு திரும்ப வளரப் பல ஆண்டுகள் செல்லும். அது தேவையும் இல்லை, பொந்து செய்ய வேறு பொருட்கள் தாராளமாக இருக்கின்றன.

இரண்டாவது: பொந்துகளை முதலில் கட்டுங்கள்

மீன் வருவதற்குக் குறைந்தது நாலு முதல் ஆறு வாரம் முன்னரே தொட்டி ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் பில்ட்டரில் குடியேற அவ்வளவு காலம் வேண்டும். சோதனைக் கிட்டில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டும்வரை மீன் வாங்காதீர்கள். மிரண்ட குஞ்சைப் பழக்கலாம், அமோனியா எரித்த குஞ்சைப் பழக்க முடியாது.

தொட்டி, குஞ்சுக்கு நாலடி நீளம் போதும். நாலடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி என்றால் ஏறத்தாழ 250 லீற்றர். வளர்ந்த பிக்காசோவுக்கு ஆறடித் தொட்டி தேவைப்படும். சின்னக் குஞ்சைப் பெரிய தொட்டியில் விட்டால் மிரளும் என்று சிலர் சொல்வார்கள். தொட்டி பெரிதாக இருப்பதால் மிரளாது, வெறுமையாக இருந்தால்தான் மிரளும்.

பொந்துகளுக்கு என்ன பயன்படுத்துவது? நம் ஊரில் கருங்கல் எங்கும் கிடைக்கும். நன்றாகத் தேய்த்துக் கழுவிய கருங்கல் தண்ணீரை எதுவும் செய்யாது. மினுக்கம் பூசாத மண்முட்டி, வாய் உடைந்த சட்டி, பிவிசி குழாய்த் துண்டு, குழாய் முழங்கை எல்லாம் நல்லவை. குழாய் கண்ணுக்கு அழகில்லைதான், ஆனால் குஞ்சு அதைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கும். அமைக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்.

பொந்தின் வாய் குஞ்சின் உடம்பு உயரத்தைவிட ஒன்றரை மடங்கு இருந்தால் போதும். மிக அகலமான குகையில் அது பாதுகாப்பாக உணராது, ஏனென்றால் முள்ளை நிமிர்த்திப் பூட்ட மேற்கூரை எட்டாது. ஒரே அளவில் வைக்காமல் சின்னதும் கொஞ்சம் பெரியதுமாக நாலைந்து வையுங்கள், வளர வளர மாறிக்கொள்ளும். இரண்டு பக்கமும் வாசல் உள்ளதாக ஒன்றாவது இருக்கட்டும். தொட்டியின் இரு பக்கங்களிலும் பொந்து இருந்தால் நடுவில் உள்ள வெளியைக் கடந்து போகப் பழகும். எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவித்தால் அந்த மூலையே அதன் உலகம் ஆகிவிடும்.

கல்லை மணலின் மேல் அடுக்காதீர்கள். தொட்டியின் அடிக் கண்ணாடியில், கீழே ஒரு தடித்த பிளாஸ்டிக் தகடு விரித்து அடுக்கி, அதன்பிறகு மணல் போடுங்கள். கிளாத்தி மணல் தோண்டும் மீன். அடியில் தோண்டினால் கல் சரிந்து மீனும் போகும், கண்ணாடியும் போகும்.

பின்பக்கக் கண்ணாடிக்கும் ஒரு பக்கக் கண்ணாடிக்கும் கறுப்பு அல்லது கடுநீலத் தாள் ஒட்டிவிடுங்கள். நாலு பக்கமும் ஆட்கள் நடமாடும் தொட்டியில் எந்தக் குஞ்சும் அமைதியாக இராது. மேலே மூடி கட்டாயம், மிரண்ட கிளாத்தி துள்ளும். தொட்டியை வாசல் கதவுக்குப் பக்கத்திலோ தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கிக்கு நேராக உள்ள வீடென்றால் உள் அறைதான் நல்லது. புது வருடத்துக்கும் தீபாவளிக்கும் வெடி கொளுத்தும் இரவுகளில் பழகிய கிளாத்தியே பொந்துக்குள் போய்விடும். புதிதாக வந்த குஞ்சுக்கு அந்த வாரம் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது: தண்ணீர், நம் ஊர்ப் பருவத்தோடு

கடல் பக்கத்தில் இருப்பதால் கடல்தண்ணீர் எடுப்பது நமக்குச் சுலபம். ஆனால் எங்கே, எப்போது என்பதில் கவனம் வேண்டும். முகத்துவாரத்தை அண்டிய இடங்களில் எடுக்காதீர்கள். மாரியில் ஆறு பெருகி வாவி கடலோடு கலக்கும்போது பாலமீன்மடு, டச் பார் பக்கத்துக் கரைத்தண்ணீரில் உப்பு இறங்கிவிடும், சேறும் கழிவும் சேரும். ஐப்பசி தொடக்கம் தை வரை கரைத்தண்ணீரை நம்பாதீர்கள். அதற்கு முன்பே, கடல் தெளிந்திருக்கும் நாளில் எடுத்து, மூடிய பிளாஸ்டிக் பீப்பாவில் இருட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரப் படகுகள் நிற்கும் இடத்திலும் எண்ணெய் மிதக்கும். எடுத்ததைத் துணியில் வடித்து, சில நாள் அடைய விட்டு, உப்பை அளந்த பிறகே பயன்படுத்துங்கள். அடர்த்தி 1.023 இலிருந்து 1.025 வரை இருக்கலாம். குறைந்தால் கடலுப்புக் கலவை சேர்த்து உயர்த்துங்கள். சமையல் உப்பு இதற்கு உதவாது. பீ.எச் 8.1 முதல் 8.4.

வெப்பநிலை 25 முதல் 28 பாகை நல்லது. நம் ஊரில் ஹீட்டரே தேவைப்படாது, பிரச்சினை எதிர்ப்பக்கம்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொட்டி 31, 32 பாகைக்குப் போய்விடும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறையும். மீன் மூச்சுவாங்கிக்கொண்டு பொந்துக்குள் கிடக்கும், நாம் அதை வெட்கம் என்று நினைப்போம். மூடியைக் கம்பி வலையாக மாற்றி, மேற்பரப்பில் படும்படி ஒரு சின்ன மின்விசிறி வையுங்கள். இரண்டு மூன்று பாகை இறங்கும். அப்படிச் செய்தால் தண்ணீர் வற்றும், உப்பு ஏறும். வற்றிய அளவுக்கு நல்லதண்ணீர் ஊற்றுங்கள், கடல்தண்ணீர் ஊற்றாதீர்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கி ஊற்ற வேண்டும். மணற்பாங்கான பகுதிக் கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்றுக் கூடியிருக்கலாம், ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

கரண்ட் போனால் ஓடும்படி, பற்றரியில் இயங்கும் எயார் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

நான்காவது: குஞ்சைத் தெரிவு செய்தல்

கடையில் வெட்கப்படுகிற மீனை ஒதுக்கத் தேவையில்லை, மெலிந்த மீனை ஒதுக்குங்கள். 3 சென்ரிமீற்றருக்குக் கீழ்ப்பட்ட குஞ்சுகளை எடுக்காதீர்கள். உடம்பில் சேமிப்பு இல்லாததால் நாலு நாள் பட்டினியே அவற்றுக்கு ஆபத்து. 5 முதல் 8 சென்ரிமீற்றர் வரை நல்ல அளவு. வயிறு உள்வாங்கியிருக்கக் கூடாது. மேலிருந்து பார்த்தால் தலைக்குப் பின்னால் முதுகு குழிந்திருக்கக் கூடாது. கண் தெளிவாக இருந்து, நீங்கள் நகர்ந்தால் கூடவே திரும்ப வேண்டும். கடைக்காரரிடம் கேட்டு உங்கள் முன்னிலையில் சாப்பாடு போடச் சொல்லுங்கள். பொந்திலிருந்து பாய்ந்து வந்து கவ்விக்கொண்டு திரும்பப் பொந்துக்குள் ஓடினால் அருமையான குஞ்சு. நேற்று வந்து இறங்கிய மீனை இன்றே வாங்காதீர்கள், ஒரு வாரம் கடையில் இருக்கட்டும்.

கிழக்கில் கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை அலங்கார மீன் பிடிப்பவர்கள் இந்தப் பக்கம் மூழ்குவார்கள். வாடையில் தொழில் தென்மேற்குக் கரைக்குப் போய்விடும். எங்கே பிடித்தாலும் பெரும்பாலான மீன் கொழும்புக்குத்தான் போகிறது. நம் கடலில் பிடித்த மீனைக் கொழும்பிலிருந்து திரும்பக் கொண்டுவருவது நமக்கு வழக்கமாகிவிட்டது.

ஐந்தாவது: பயணம்

கொழும்பிலிருந்து உதயதேவி ரயிலில் வந்தாலும் இரவு பஸ்ஸில் வந்தாலும் ஏழு எட்டு மணித்தியாலம் ஆகிவிடும். முதல் நாள் மீனுக்குச் சாப்பாடு போட வேண்டாம் என்று கடையில் சொல்லிவையுங்கள், பையில் கழிவு குறையும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஒட்சிசன். பை இரட்டையாக இருக்க வேண்டும், முள்ளும் பல்லும் ஒற்றைப் பையைத் துளைத்துவிடும். பையை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள். இருட்டில் அது அமைதியாக இருக்கும், சூடும் ஏறாது. வழியில் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

கடையில் மீனை வலையால் அள்ளினால் தடுத்துவிடுங்கள். நிமிர்ந்த முள் வலைக்கண்ணில் மாட்டும், அதைப் பிடுங்கும்போது மீனுக்குக் காயம். ஒரு பிளாஸ்டிக் கோப்பையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அதற்குள் ஓட்டி எடுப்பதே முறை.

ஆறாவது: விடுவதும் முதல் இரவும்

வீட்டுக்கு வந்ததும் தொட்டி விளக்கை அணையுங்கள். அறை விளக்கையும் குறையுங்கள். பையைத் திறக்காமல் 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு ஒரு வாளியில் பைத் தண்ணீரோடு மீனை ஊற்றி, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். பாமசியில் வாங்கும் சேலைன் குழாய் இதற்கு மிகவும் வசதி, உருளையைத் திருகி வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை போதும். நீண்ட பயணம் வந்த பையை இன்னும் இழுக்கக் கூடாது. பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேறி பீ.எச் ஏறும், அதோடு பைத் தண்ணீரில் சேர்ந்திருந்த அமோனியாவும் நச்சாக மாறும். உப்பு அளவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று என்றால் நேரத்தை இன்னும் குறைக்கலாம்.

மீனைக் கோப்பையால் எடுத்துப் பொந்து வாசலுக்குப் பக்கத்தில் விடுங்கள். வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

அப்புறம் அடுத்த நாள் வரை விளக்கும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம், டோர்ச் அடித்துத் தேடவும் வேண்டாம். முதல் இரவில் நிறம் வெளிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடப்பதைக் கண்டு பலர் அலறுகிறார்கள். கிளாத்தி தூங்குவதே அப்படித்தான். பொந்துக்குள்ளிருந்து மெல்லிய உறுமல் மாதிரிச் சத்தம் கேட்டாலும் பயப்படாதீர்கள். பிக்காசோ மார்புத் துடுப்பைத் தோலில் உள்ள தடித்த செதில்களின் மேல் அடித்து அந்தச் சத்தத்தை எழுப்புகிறது. மிரளும்போதும் பிடிக்கும்போதும் அது கேட்கும்.

ஏழாவது: சாப்பாடுதான் சாவி

வேலை பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கிறது, அவசரப்படாமல் செய்யுங்கள்.

இரண்டாம் நாள் விளக்கைப் பாதி வெளிச்சத்தில் போட்டு, தண்ணீர் ஓட்டத்தை நிறுத்துங்கள். தோல் உரித்த பச்சை இறாலை மீனின் கண்ணளவுக்கு நறுக்கி, ஒரே ஒரு துண்டைப் பொந்து வாசலுக்கு நேரே விழவிட்டு, நீங்கள் அறையை விட்டே போய்விடுங்கள். பத்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். துண்டு இல்லை என்றால் வெற்றி. இருந்தால் எடுத்துவிட்டு மாலையில் திரும்பச் செய்யுங்கள். எடுக்காமல் விட்டால் அழுகி அமோனியா ஏறும், அந்த அமோனியாவே மீனை இன்னும் ஒடுங்க வைக்கும். இறாலைத் தொடாத குஞ்சுக்கு மட்டிச் சதையைக் கொடுத்துப் பாருங்கள். வாவி மட்டியை ஓட்டோடு பாதி திறந்து வைத்தால் அதன் வாசனைக்கே வெளியே வரும். உயிருள்ள கூனி இறால் கிடைத்தால் இன்னும் நல்லது. அசையும் இரையைக் கண்டு வேட்டைப் புத்தி எழும்பும்.

மூன்று நாலு நாளாகத் துண்டு காணாமல் போகத் தொடங்கிய பிறகு ஈர்க்கைக் கையில் எடுங்கள். பச்சைத் தென்னோலையிலிருந்து எடுத்த நீள ஈர்க்கு, நுனி கூர் இல்லாமல் மழுக்கியது. நுனியில் இறால் துண்டை லேசாகக் குத்தி, பொந்து வாசலுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். முதலில் கண் வரும். முதுகு முள் டக்கென்று நிமிரும், அப்படியே நிற்கும். இது பயமும் பசியும் சேர்ந்து நிற்கும் நேரம். கை ஆடினால் முடிந்தது, உள்ளே போய்விடும். பொறுத்திருந்தால் முள் மெதுவாக மடங்கும். முள் மடங்கினால் அடுத்த கணம் கவ்வும் என்று அர்த்தம். கவ்விக்கொண்டு உள்ளே ஓடும்போது ஈர்க்கை இழுக்காதீர்கள், அதன் போக்கில் விடுங்கள். ஒவ்வொரு இரண்டு நாளுக்கும் ஈர்க்கை இன்னும் ஒரு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். இப்படியே சில வாரத்தில் குஞ்சு நடுத்தொட்டிக்கு வந்து கவ்வும். இதற்குக் கையை நேரடியாகப் பயன்படுத்தாதீர்கள். குஞ்சிலேயே பல் கூர்மை, வளர்ந்த பிறகு அந்தப் பழக்கத்தை மாற்ற முடியாது.

ஒரு நாளைக்கு மூன்று தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே உணவைத் தொடர்ந்து கொடுக்காதீர்கள். பச்சை இறால் மட்டும் தின்று வளரும் மீனுக்கு விற்றமின் பீ1 குறைபாடு வரலாம், ஏனென்றால் சில இறால், மீன் இனங்களில் அந்த விற்றமினை அழிக்கும் நொதியம் இருக்கிறது. கணவாய், மட்டி, சிறு நண்டு, இறால், கடல்மீனுக்கான உருண்டைத் தீனி, கொஞ்சம் கடற்பாசி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். சந்தையில் வாங்கியதைக் கழுவி, சில நாள் உறையவைத்த பிறகு கொடுப்பது பாதுகாப்பு. கோழி ஈரல், மாட்டிறைச்சி வேண்டாம், அந்தக் கொழுப்பு கடல்மீனுக்குச் செரிக்காது. வாரத்தில் ஒரு தடவையாவது ஓட்டோடு இறாலோ சிறு நண்டோ கொடுங்கள். கிளாத்தியின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கடினமானதைக் கடித்தால்தான் தேயும்.

எட்டாவது: ஆளுக்குப் பழக்குதல்

எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து, மெதுவாக வாருங்கள். தொட்டிக்கு முன் உயரத்திலிருந்து குனிந்து பார்க்காமல், கதிரை போட்டு உட்காருங்கள். மேலிருந்து வரும் நிழல் அதற்குப் பறவையோ பெரிய மீனோதான். உட்கார்ந்து உங்கள் வேலையைச் செய்யுங்கள், அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். விளக்கு ஒரு நாளைக்கு பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம், ஒரே நேரத்தில் போட்டு ஒரே நேரத்தில் அணையுங்கள். முதலில் அறை விளக்கு, சிறிது கழித்துத் தொட்டி விளக்கு. இருட்டிலிருந்து சட்டென்று வெளிச்சம் பாய்ந்தால் குஞ்சு கல்லில் மோதிக் காயப்படும்.

பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டுவதைக் கட்டாயம் நிறுத்துங்கள். அவர்களிடம் ஈர்க்கைக் கொடுத்து, "தம்பி, கை ஆடாமல் பிடி" என்று பொறுப்பை ஒப்படைத்தால் தட்டுகிற பழக்கம் தானாக நிற்கும். பழகும் காலம் முடியும்வரை கல்லை இடம் மாற்றாதீர்கள். துப்புரவு என்று பொந்தைப் பிரித்தால் தொடக்கத்திலிருந்து எல்லாம் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

கூட இருக்கும் மீன்கள்

குஞ்சு வெளியே வராமலிருக்கக் காரணம் பல வேளை இன்னொரு மீன்தான். ஏற்கெனவே குடியிருக்கும் டாம்செல் மீன்கள் சின்னவை என்று நினைக்காதீர்கள், இடத்துக்காகக் குஞ்சைக் கொத்தி விரட்டும். துடுப்பு நுனி பிய்ந்திருந்தால் அதுதான் நடக்கிறது. துளையிட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்றைத் தொட்டிக்குள் மாட்டி, குஞ்சை ஒரு வாரம் அதற்குள் குழாய்த் துண்டோடு வைத்தால் இரண்டு பக்கமும் பார்த்துப் பழகும். அமைதியாக நடுத்தண்ணீரில் நீந்தும் குரோமிஸ் போன்ற மீன்கள் சில இருந்தால் குஞ்சுக்குத் துணிவு வரும். அவை பயமில்லாமல் மேய்வதைக் கண்டு ஆபத்தில்லை என்று அது புரிந்துகொள்ளும். ஆனால் கிளாத்தி வளர்ந்த பிறகு அந்தக் குரோமிஸ்களுக்கு உயிர் உத்தரவாதம் இல்லை. களவாய், லயன் மீன், வளர்ந்த வேறு கிளாத்தி இவற்றோடு குஞ்சைச் சேர்க்கவே கூடாது. இறாலும் நண்டும் உணவாகிவிடும்.

வெட்கமா, நோயா?

இதைப் பிரித்தறியத் தெரியாததால்தான் நல்ல மீன்களும் சாகின்றன. வெட்கப்படும் குஞ்சு பொந்துக்குள்ளிருந்து உங்களைக் கவனிக்கும், கண் சுழலும், யாரும் இல்லாதபோது சாப்பிடும், வயிறு உருண்டிருக்கும். நோயுற்ற குஞ்சு கவனிப்பதில்லை. தண்ணீர் பீச்சும் குழாய்க்கு முன்னாலோ மேற்பரப்பிலோ நின்று மூச்சு வாங்கும், அல்லது திறந்த வெளியில் மணலில் கிடக்கும். பகலில் பொந்துக்கு வெளியே சாய்ந்து கிடந்தால் அது தூக்கமில்லை.

கிளாத்திக்கு அகன்ற செவுள் மூடி வெளியே தெரியாது. மார்புத் துடுப்புக்கு முன்னால் ஒரு சிறு பிளவுதான். ஆகவே மூச்சைப் பார்க்க வாய் திறந்து மூடுவதைக் கவனியுங்கள். அமைதியாக இருக்கும் நாளில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை என்று எண்ணி எழுதிவையுங்கள். பிறகு சந்தேகம் வரும்போது ஒப்பிட அந்த எண் உதவும். உப்புக்கல் அளவில் வெண்புள்ளிகள் தெரிந்தால் கடல் வெண்புள்ளி நோய். மாவு தூவியது போல மெல்லிய படலமும் வேகமான மூச்சும் என்றால் வெல்வெற் நோய், அது சில நாட்களிலேயே கொல்லும். இரண்டுக்கும் தனித் தொட்டியில் செப்பு மருந்து கொடுப்பதே வழி. சாதாரண அயன் (ionic) செப்பு லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் அளவில், சோதனைக் கிட்டால் தினமும் அளந்து, மூன்று வாரமாவது தொடர வேண்டும். வேறு வகைச் செப்பு மருந்துகளுக்கு அளவு வேறு, போத்தலில் உள்ளதைப் பின்பற்றுங்கள். தனித் தொட்டியிலும் பிவிசி குழாய்ப் பொந்து ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மருந்தோடு பயமும் சேர்ந்தால் தாங்காது. பிரதான தொட்டியில் செப்பு ஊற்றாதீர்கள்.

ஒரு வாரம் முழுதும் எதுவும் சாப்பிடாமல், முதுகு மெலியத் தொடங்கினால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அமோனியா, நைத்திரைற்று, உப்பு, வெப்பநிலை நாலும் சரி என்றால் கூட உள்ள மீன்களை இரவில் சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச்சால் கவனியுங்கள். அதுவும் சரி என்றால் குஞ்சைத் தனித் தொட்டிக்கு மாற்றி, உயிருள்ள கூனியைக் கொடுத்துப் பாருங்கள்.

எடுக்க வேண்டி வந்தால்

பொந்தில் பூட்டிக்கொண்ட மீனை வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. முள் முறியும், இல்லையென்றால் தோல் கிழியும். கல் சிறிதென்றால் கல்லோடு சேர்த்துத் தண்ணீர் நிரம்பிய வாளிக்கு மாற்றுங்கள். குழாய்ப் பொந்து என்றால் இரு வாயையும் உள்ளங்கையால் மூடித் தூக்கினால் போதும், குழாய் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வாளியில் சிறிது நேரம் விட்டால் தானாகவே முள்ளை மடக்கி வெளியே வரும்.

துணிவு வந்த பிறகு

ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலான குஞ்சுகள் முன்கண்ணாடிக்கு வந்துவிடும். நைஜரும் கிளவுனும் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். நன்றாகச் சாப்பிட்டு, உடம்பு தேறி, ஆனாலும் ஆளைக் கண்டால் ஒதுங்குகிற மீன்களும் இருக்கின்றன. அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். இன்னும் கொஞ்சம் பழக்குவோம் என்று பொந்தை எடுத்துவிடாதீர்கள்.

பழகிய கிளாத்தி தொட்டியைத் தன் விருப்பத்துக்கு மாற்றத் தொடங்கும். மணலை வாயால் ஊதிக் குழி பறிக்கும், சிறு கற்களைக் கவ்வி இடம் மாற்றும், சாப்பாட்டு நேரத்தில் தண்ணீரைப் பீச்சும். கம்பிகளைக் கடிக்கும் என்பதால் எயார் குழாய்களையும் பம்ப் வயர்களையும் பிவிசி குழாய்க்குள் மறைத்து விடுங்கள், ஹீட்டர் இருந்தால் அதற்கு உறை போடுங்கள். கண்ணாடி துடைக்கக் கையை உள்ளே விடுவதற்கு முன் மற்றப் பக்கத்தில் ஓட்டோடு ஒரு மட்டியைப் போட்டுவிட்டு, தடித்த இறப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். 15 சென்ரிமீற்றர் தாண்டியதும் ஆறடித் தொட்டிக்கு மாற்றுங்கள். மாற்றும்போது பழைய பொந்தையும், அது சிறுத்துப்போயிருந்தாலும், புதுத் தொட்டிக்கு எடுத்துச் செல்லுங்கள். அதற்குப் பக்கத்திலேயே பெரிய பொந்து ஒன்றைக் கட்டிவையுங்கள், சில நாளில் குடி மாறிவிடும்.